ஸ்டெப்னி மாட்டிய பிறகு ஆடுது, இழுக்குது, சத்தம் வருது: எதை முதலில் பார்ப்பது?

எங்கள் டிராவல்ஸில் ஓடுபவை பெரும்பாலும் சின்னக் கார்களும், இன்னோவா, எர்டிகா மாதிரி ஏழு பேர் போகும் வண்டிகளும்தான். பஞ்சர் ஆனவுடனே டிரைவர்களிடமிருந்து போன் வராது. ஸ்டெப்னி மாட்டத் தெரியாத டிரைவர் யார் இருக்கிறார்? மாட்டிக் கிளம்பிய பிறகுதான் போன் அடிக்கும். திரும்பத் திரும்ப அதே சில புகார்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையையே தலைப்பாக வைத்து, காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி வரிசையாக எழுதியிருக்கிறேன். சொந்தக் காரில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் இதே வரிசைதான்.

எந்தப் புகாரானாலும் முதலில் வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கி ஓரம் கட்டுங்கள். நாலு பக்க இண்டிகேட்டரையும் போடுங்கள். உள்ளே இருப்பவர்களை இறக்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

முதலில்: மாட்டியிருப்பது எந்த ஸ்டெப்னி?

கீழே வரும் புகார்களில் பாதிக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். ஸ்டெப்னியின் பக்கச்சுவரில் இருக்கும் அளவையும் மற்ற டயர்களின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 185/65 ஆர்15 என்று இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் அது முழு அளவு ஸ்டெப்னி. காற்றும் வயதும் சரியாக இருந்தால் வழக்கம்போல ஓட்டலாம்.

இப்போது வரும் பல கார்களில் கீழே ஓடுவது 16 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) ரிம், டிக்கியில் படுத்திருப்பது அதைவிடச் சின்ன இரும்பு ரிம். அந்த ரிம்மில் 80 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். அளவுக்கு முன்னால் ‘T’ என்ற ஆங்கில எழுத்து போட்டு, பார்க்கவே ஒல்லியாக இருப்பது இன்னொரு வகை. அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். மற்ற டயர்களுக்கு வைக்கிற மாதிரி 32 வைத்துவிட்டு, ‘வண்டி மிதக்குது’ என்று சொல்வதில் பயனில்லை.

முன்சக்கரம் இழுக்கும் காரில், அதாவது இன்ஜின் விசை முன்சக்கரங்களுக்குப் போகும் காரில், முன் டயர் பஞ்சராகி, கையில் இருப்பது சின்ன ஸ்டெப்னி என்றால், நேரம் இருந்தால் அதைப் பின்னால் மாட்டுங்கள். முதலில் நல்ல பின்சக்கரத்தைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியைப் போட்டு, கழற்றிய சக்கரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். இரண்டு தடவை ஜாக்கி ஏற்றும் வேலைதான். ஆனால் பிரேக்கின் பெரும்பங்கும் ஸ்டியரிங்கும் முன்னால் இருப்பதால், வண்டி நேராக நிற்கும். இரண்டு முன்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி, விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைப் படுத்தாது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலையிலிருந்து இறங்குவதாக இருந்தால் இதைத் தட்டிக்கழிக்கவே வேண்டாம்.

எவ்வளவு தூரம் போகலாம்? அடுத்த நல்ல பஞ்சர் கடை வரைக்கும். உளுந்தூர்பேட்டையில் மாட்டிவிட்டு ‘சென்னையில போய்ப் பார்த்துக்கலாம்’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. இன்னொரு ஆணி ஏறினால் அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை.

“அண்ணே, ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல”

அடிக்கடி வரும் போன் இதுதான். சர்வீஸ் விட்டால் நாலு டயருக்கும் காற்றுப் பார்ப்பார்கள், ஐந்தாவதை யாரும் தொடுவதில்லை. சும்மா இருக்கும் டயரிலிருந்தும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

*வெறுமனே இறங்கியிருந்தால்:* லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன பம்ப் இருந்தால் இன்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏற்றுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். பம்ப் இல்லையென்றால் ஸ்டெப்னியை மட்டும் எடுத்துக்கொண்டு, வழியில் வரும் வண்டியிலோ ஆட்டோவிலோ பெட்ரோல் பங்க்குக்கு ஒருவர் போய்வருவதுதான் வழி. காற்றில்லாத ஸ்டெப்னியை மாட்டி ‘மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம்’ என்று இறங்கினால் ரிம்மும் சேர்ந்து போகும்.

*ஏற்றியும் இறங்கினால்:* வால்வு வாயில் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கும். அதை முறுக்கும் சாவி எந்தப் பஞ்சர் கடையிலும் இருக்கும், வேலை ஒரு நிமிடம். வால்வின் ரப்பர் தண்டை விரலால் வளைத்துப் பாருங்கள். அடியில் வெடிப்பு தெரிந்தால் வால்வையே மாற்ற வேண்டும். இரும்பு ரிம்மின் விளிம்போரம் குமிழி வந்தால் துரு. டயரைக் கழற்றி, துருவைத் தேய்த்து மறுபடி உட்கார வைக்க வேண்டும்.

*பக்கச்சுவரில் சின்னச் சின்ன வெடிப்பு இருந்தால்:* வயதாகிவிட்டது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் ரப்பர் முடி அப்படியே நின்றாலும், பத்து வருடம் ஆன டயரை நம்பிப் போகாதீர்கள். ஐந்தாறு வருடம் ஆனதை வருடத்துக்கு ஒருமுறை கடையில் காட்டுங்கள். வழியில் வேறு வழியே இல்லையென்றால் 40, 50-க்கு மேல் போகாமல் முதல் டயர் கடையில் நிறுத்துங்கள்.

“நட்டு கழண்டுடுச்சு, வீல் வர மாட்டேங்குது”

ரிம்மின் நடுத்துளை ஹப்போடு (சக்கரம் உட்காரும் நடுப்பாகம்) துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். கடலோர ஊர் வண்டிகளில் இது அதிகம். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஓடும் வண்டிகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

நட்டுகளை முழுசாகக் கழற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைத்தண்டு) பிடித்திருக்கட்டும். டயரின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாற்றி மாற்றி உள்ளங்காலால் உதையுங்கள். வராவிட்டால் நடுத்துளை ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி உதையுங்கள். பிரேக் டிஸ்க் மேல் அது படக் கூடாது. பட்டுவிட்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியைக் குலுக்குகிறோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும், காலின்மேல் இல்லை.

நட்டே கழலவில்லை என்றால், வண்டியை ஏற்றிய பிறகு முயல்கிறார்களா என்று கேட்பேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். கம்பெனி கொடுக்கும் குட்டை ஸ்பேனர் பல நேரம் போதாது. கூட்டல் குறி வடிவ ஸ்பேனர் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவைப்பது நல்ல செலவு. ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி, ஸ்பேனர் நுழையாதபடி இருந்தால் அது திருட்டுத் தடுப்பு நட்டு. அதற்கான சாவித்துண்டு டேஷ்போர்டு பெட்டியிலோ ஜாக்கிப் பையிலோ இருக்கும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுத்தியலும் உளியும் அலாயைத்தான் உடைக்கும்.

இன்னோவா, எர்டிகாவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும். பின்பக்கத் துளையில் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்க வேண்டும். சேறு இறுகி, துருவேறி இறங்காவிட்டால் வற்புறுத்திச் சுற்றாதீர்கள், சங்கிலி அறுந்துவிடும். கழுவும்போது அதையும் ஒருமுறை இறக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

“மாட்டிக் கிளம்பினதும் ஆடுது, டக் டக்னு சத்தம்”

இந்தப் போன் வந்தால் நான் சொல்லும் முதல் வார்த்தை ‘நிறுத்து’. பங்க் வரைக்கும் போகிறேன், டோல்கேட் தாண்டிப் பார்க்கிறேன் என்ற பேச்சே கிடையாது.

*நட்டு தளர்ச்சி.* ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டையும் பாருங்கள். ஒன்று கால் சுற்று சுற்றினாலும் காரணம் கிடைத்துவிட்டது. ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிவிட்டு, தரையில் இறக்கிய பிறகு மறுபடி முறுக்காமல் கிளம்பியிருப்பார்கள். நாலு நட்டு என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்றாக, இரண்டு மூன்று தவணையில் முறுக்குங்கள். பெரும்பாலான கார்களுக்கு முறுக்கும் விசை 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தால் ஸ்டட் முறியும். மரையில் எண்ணெய், கிரீஸ் தடவுவதும் வேண்டாம், கைக்குத் தெரியாமலே அளவுக்கு மீறி இறுகிவிடும். எப்படி முறுக்கியிருந்தாலும் ஐம்பது கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி ஸ்பேனர் போடுங்கள்.

*நட்டு திருப்பி மாட்டியது.* நட்டின் கூம்புப் பக்கம் உள்நோக்கி, ரிம்மின் துளைக்குள் உட்கார வேண்டும். இருட்டில் மாட்டும்போது தட்டைப் பக்கம் உள்ளே போய்விடும். கைக்கு இறுகிய மாதிரியே இருக்கும், பத்து கிலோமீட்டரில் தளரும். ஸ்டட் இல்லாமல் போல்ட் போட்டு முறுக்கும் கார்களில் இன்னொரு சிக்கல்: அலாய்க்கு ஒரு போல்ட், இரும்பு ஸ்டெப்னிக்கு வேறு போல்ட் என்று சில மாடல்களில் இருக்கிறது. ஸ்டெப்னிக் குழியில் தனிப் பையில் போல்ட் இருந்தால் அது சும்மா வைத்ததில்லை.

*ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் ஏதாவது.* கழற்றிப் பார்த்தால் ஒரு செதில் துரு, காய்ந்த சேறு, சின்னக் கல், ஏன் ஒரு பிளாஸ்டிக் துண்டுகூட இருக்கும். சக்கரம் சாய்வாக உட்கார்ந்து ஆட அதுவே போதும். துணியால் இரண்டு முகத்தையும் துடைத்து மாட்டுங்கள்.

நட்டு தளர்ந்த நிலையில் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால், ரிம்மின் துளைகளை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். துளையைச் சுற்றிப் புதிதாகத் தேய்ந்த பளபளப்பு, அதன்மேல் கறுப்பாக இரும்புத் தூள், வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகியிருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த ரிம்மை மறுபடி மாட்டாதீர்கள். ஸ்டட் மரை நசுங்கியிருந்தாலும் அதே கதைதான். இங்கே மெக்கானிக் வர வேண்டும். நட்டு விழுந்து தொலைந்துவிட்டது, மற்றபடி ரிம்மும் ஸ்டட்டும் நன்றாகவே இருக்கின்றன என்றால், மற்ற சக்கரங்களிலிருந்து ஒவ்வொரு நட்டு கடன் வாங்கி, முப்பது நாற்பது வேகத்தில் அடுத்த கடை வரைக்கும் போகலாம்.

*எல்லாம் இறுக்கம்தான், ஆனாலும் ஆடுது.* உள்ளங்கையை டயரின் இரு பக்கச்சுவர் மேலும் ஓட்டுங்கள். எங்காவது வீங்கியிருந்தால் உள்ளே நூலடுக்கு விட்டுவிட்டது. அந்த டயரில் ஒரு அடிகூடப் போகாதீர்கள். வீக்கம் இல்லை, 70 தாண்டினால் மட்டும் அதிர்கிறது, மெதுவாகப் போனால் சரியாகிவிடுகிறது என்றால் பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது, தவறியிருக்கும். ஸ்டியரிங்கில் அதிர்வு தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். ஸ்டெப்னிக்காக இதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்துப் போய், பஞ்சரை ஒட்டி, பழைய டயரை மாட்டிவிட்டால் முடிந்தது. அப்போதும் அதிர்ந்தால் அந்த டயருக்குப் பேலன்சிங் போடுங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

*ஆட்டமே இல்லை, சத்தம் மட்டும்.* டிக்கியைத் திறந்து பாருங்கள். அவசரத்தில் உள்ளே போட்ட ஜாக்கியும் ஸ்பேனரும் உருண்டுகொண்டிருக்கும். இப்படி முடிந்த போன்களும் கொஞ்சமில்லை.

“ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது”

முன்னால் சின்ன ஸ்டெப்னி இருந்தால், அந்தப் பக்கமாக இழுப்பது இயல்பு. மெதுவாகப் போங்கள், அல்லது மேலே சொன்ன மாதிரி பின்னால் மாற்றுங்கள். முழு அளவு ஸ்டெப்னி என்றால் முதலில் காற்று: முன்னால் இரண்டு டயரிலும் ஒரே அளவு இருக்கிறதா பாருங்கள். காற்று குறைந்த பக்கம்தான் இழுக்கும்.

காற்று சரி, இன்னும் இழுக்கிறதா? நல்ல சாலையில் சில கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். ரிம்மைத் தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாமல் ஆற விட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எதுவும் இல்லையென்றால், பஞ்சர் எப்படி ஆனது என்று யோசியுங்கள். ஆணி ஏறியதா, பள்ளத்தில் விழுந்து டயர் கிழிந்ததா? பள்ளம் என்றால் டயரோடு மட்டும் போயிருக்காது. நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போயிருக்கும், அல்லது அடியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஏதோ ஒரு கை வளைந்திருக்கும். அலைன்மென்ட் மட்டும் என்றால் செலவு சிறிது, வளைந்த பாகம் என்றால் பெரிது. அடியில் பார்க்காமல் அலைன்மென்ட் மட்டும் செய்து அனுப்பும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

“ஊன்னு ஒரே இரைச்சல்”

சின்ன ஸ்டெப்னியும், வயதாகி இறுகிய டயரும் இரையத்தான் செய்யும். கழற்றினால் நின்றுவிடும், கவலை வேண்டாம். பழைய டயரை மாட்டிய பிறகும் இரைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது சத்தம் கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் பெரும்பாலும் அதுதான்.

“உரசுற மாதிரி கேக்குது”

டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு, சக்கரம் மாற்றும்போது இடிபட்டு வளைந்திருக்கும். விரலால் தள்ளினாலே நேராகும், ஆற விட்டுத் தள்ளுங்கள். கல் சிக்கியிருந்தால் முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டினால் விழுந்துவிடும்.

வேறு காரிலிருந்து கடன் வாங்கிய ஸ்டெப்னி என்றால் விஷயம் வேறு. நட்டுத் துளைகள் ஒத்துப்போனாலும் ரிம்மின் உட்புறம், டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரில் இடிக்கலாம். ஜாக்கியை இறக்கும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தடுத்தால் அது இந்த வண்டிக்கு ஆகாது.

“டேஷ்போர்டுல லைட் எரியுது”

டயர் காற்று விளக்கு எரிந்தால் பயமில்லை, பல ஸ்டெப்னிகளில் சென்சார் கிடையாது. அளவு வேறுபாட்டால் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் வரலாம். சரியான சக்கரம் மாட்டிச் சிறிது தூரம் ஓடியதும் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும், வீல் சென்சார் ஒயர் இழுபட்டிருக்கலாம். சிவப்பு பிரேக் விளக்கு மட்டும் தனி: ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கியும் எரிந்தால் நகராதீர்கள்.

“பஞ்சர் ஒட்டியாச்சு, மறுபடி இறங்குது”

தரையில் படும் பகுதியில் ஏறிய ஆணிக்கு வெளியிலிருந்து ரப்பர் திரி செருகி அடைப்பது பெரும்பாலும் தாங்கும். அப்படியும் இறங்கினால் வால்வு, ரிம் விளிம்பு, திரி என்று மூன்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். திரியில் குமிழி வந்தால் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டச் சொல்லுங்கள். ரிம் விளிம்பு பள்ளத்தில் நசுங்கியிருந்தால் எத்தனை பஞ்சர் ஒட்டினாலும் இறங்கும்.

கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். டயருக்குள் கறுப்பு மாவு மாதிரி ரப்பர் தூள் கொட்டினால், காற்றில்லாமல் ஓடி உட்சுவர் அரைபட்டிருக்கிறது. பக்கச்சுவரைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த தடமும் தெரியும். கடைக்காரர் ‘ஒட்டித் தர்றேன் சார், ஓடும்’ என்பார். ஓடும்தான், வெடிக்கும் வரை. பக்கச்சுவர் ஓட்டைக்கும் இதே பதில், புது டயர்தான்.

“இந்த வண்டியில ஸ்டெப்னியே இல்ல”

டியூப்லெஸ் டயர், காற்று அளவு காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி மாறியது. ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் மருந்துப் புட்டியும் பம்பும்தான் கொடுத்திருப்பார்கள். சின்ன ஆணி ஓட்டைக்கு அது போதும். ஆணி குத்தியிருந்தால் பிடுங்காமல் மருந்தை ஏற்றுங்கள். பம்ப் சொன்ன அளவு காற்றைத் தொடவே இல்லையென்றால் ஓட்டை பெரிது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் 80-ஐத் தாண்டாமல் கடைக்குப் போய், உள்ளே மருந்து இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆள் கூப்பிடும்போது

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சாலையோரக் கல்லில் இருக்கும் கிலோமீட்டர் எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், கடைசியாகத் தாண்டிய டோல்கேட், இந்த மூன்றையும் சொன்னால் தேடி அலைய மாட்டார்கள். இழுவை வண்டி வந்தால், முன்சக்கரம் இழுக்கும் காரை முன்பக்கம் தூக்கித்தான் இழுக்கச் சொல்லுங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியையும், ஆட்டோமேட்டிக்கையும் தட்டைப் பலகை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள், காசு கொஞ்சம் கூடக் கேட்டாலும்.